காமாக் கதிர் வெடிப்புகள்: ஒளிர்வுக்கும் மற்றப் பண்புகளுக்கும் இடையிலான உறவு

தொலைதூர விண்மீன் மண்டலங்களில் நிகழ்ந்து, குறுகிய நேரம் காமாக் கதிர்களைக் கொட்டும் பெருவெடிப்புகளே காமாக் கதிர் வெடிப்புகள். கேள்வி இதுதான்: ஒரு காமாக் கதிர் வெடிப்பின் பிரகாசத்துக்கும் அதன் நிறமாலை, கால அளவு, ஏற்ற இறக்கம் போன்ற மற்றப் பண்புகளுக்கும் உறுதியான தொடர்பு இருக்கிறதா? இருந்தால், அத்தொடர்பைக் கொண்டு வெடிப்பின் தொலைவை அளந்துவிட முடியுமா?

தொடர்பு இருக்கிறது, ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவற்றுள் குறைந்தது ஒன்று வெடிப்பின் இயற்பியலிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் நம் கருவிகள் எதைக் காண்கின்றன, எதைத் தவறவிடுகின்றன என்பதன் சாயலும் கலந்திருக்கிறது. அந்தச் சாயலை முழுவதும் பிரித்தெடுக்க இன்னும் வழி கிடைக்காததால், இந்த உறவுகளை வெடிப்பைப் புரிந்துகொள்ளும் கருவியாக நம்பலாம், பேரண்டத்தின் தொலைவை அளக்கும் கோலாக நம்பக் கூடாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரித்துச் சொல்கிறேன்.

முதலில் பிரகாசம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இங்குள்ள குழப்பங்களில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது. கருவி நேரடியாக அளப்பது இரண்டை: ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு வினாடிக்கு வந்து விழும் ஆற்றல் உச்சத்தில் எவ்வளவு இருந்தது என்பது ஒன்று, வெடிப்பு தொடங்கியதிலிருந்து முடியும்வரை அதே பரப்பில் விழுந்த மொத்த ஆற்றல் எவ்வளவு என்பது மற்றொன்று. இவை இரண்டும் பூமியிலிருந்து தெரியும் பிரகாசம் மட்டுமே. தொலைவு தெரிந்த பிறகுதான் முதலாவதிலிருந்து உச்ச ஒளிர்வையும், இரண்டாவதிலிருந்து மொத்த ஆற்றலையும் கணக்கிட முடியும். அப்போதும் வெடிப்பு எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளியை வீசியது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறோம். அப்படி வரும் மதிப்பைச் சமதிசை ஆற்றல் என்கிறோம். உண்மையில் ஒளி குறுகிய தாரையாகத்தான் வெளிப்படுகிறது, ஆகவே உண்மையான ஆற்றல் இதைவிடப் பன்மடங்கு குறைவு.

தெரியும் பிரகாசமும் உண்மையான ஒளிர்வும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்கு இரண்டு வெடிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2008 செப்டம்பர் 16 அன்று பதிவான ஜிஆர்பி 080916சி-இன் (ஜிஆர்பி என்பது காமாக் கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம், எண் பதிவான நாளைக் குறிக்கும்) செம்பெயர்ச்சி, அதாவது பேரண்ட விரிவினால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு, 4.35; தொலைவு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். அதன் சமதிசை ஆற்றல் ஏறத்தாழ 9 × 10⁵⁴ எர்க். 2022 அக்டோபர் 9 அன்று பதிவான ஜிஆர்பி 221009ஏ-இன் செம்பெயர்ச்சி 0.151 மட்டுமே; அதன் சமதிசை ஆற்றலும் கிட்டத்தட்ட 10⁵⁵ எர்க். சூரியன் தன் ஆயுட்காலமான சுமார் 1,000 கோடி ஆண்டுகளில் வெளியிடும் மொத்த ஆற்றலே ஏறக்குறைய 10⁵¹ எர்க்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இவற்றின் அளவு விளங்கும். இவ்விரண்டும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. ஆனால் பூமியில் விழுந்த ஆற்றலில் பிந்தையது முந்தையதைப் போலப் பல நூறு மடங்கு. காமாக் கதிர்களை நோக்கும் ஃபெர்மி விண்கலத்தின் உணர்விகளே திணறிப்போகும் அளவுக்கு அது பிரகாசமாக இருந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே இப்படியொன்று நமக்குத் தெரியும் என்று அதை ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

தொலைவுகள் தெரிவதற்கு முன்பே உறவுக்கான முதல் தடயம் கிடைத்துவிட்டது. இவ்வெடிப்புகள் 1967-இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்களால் தற்செயலாகப் பதிவாகி, 1973-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டவை. 1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் காமாக் கதிர் ஆய்வகத்தில் இருந்த பேட்ஸ் கருவி 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானத்தின் எல்லாப் பக்கங்களிலும் சீராகப் பரவியிருந்ததால் பால்வெளியின் தட்டைச் சேர்ந்தவை அல்ல என்பது உறுதியாயிற்று. அந்தத் தொகுப்பில் அதுவரை சேர்ந்தவற்றை 1995-இல் ஆராய்ந்த மல்லோஸியும் அவருடைய குழுவினரும், பிரகாசமாகத் தெரியும் வெடிப்புகளின் நிறமாலை சராசரியாகக் கடினமாக, அதாவது அதிக ஆற்றலுள்ள ஒளித்துகள்களின் பக்கம் சாய்ந்ததாக இருப்பதைக் காட்டினார்கள். மங்கலானவை தொலைவில் இருப்பதால் செம்பெயர்ச்சியே அவற்றை மென்மையாக்குகிறதா, அல்லது வெடிப்பின் இயல்பே அப்படியா என்பதை அன்று பிரித்தறிய வழியில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலி–நெதர்லாந்து கூட்டு விண்கலமான பெப்போசாக்ஸ் முதல் பின்னொளிர்வை, அதாவது வெடிப்புக்குப் பின் எக்ஸ் கதிர் முதலிய பிற அலைநீளங்களில் மெல்ல மங்கும் ஒளியை, கண்டுபிடித்ததும், அதே ஆண்டு மே மாதத்து வெடிப்பு ஒன்றுக்கு 0.835 என்ற செம்பெயர்ச்சி அளக்கப்பட்டதும்தான் கதவைத் திறந்தன.

2002-இல் லோரென்சோ அமாத்தியும் உடனாய்வாளர்களும் செம்பெயர்ச்சி தெரிந்த 12 பெப்போசாக்ஸ் வெடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் நிறமாலையிலும் ஆற்றல் மிகுதியாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. அதை உச்ச ஆற்றல் என்கிறோம். பேரண்ட விரிவினால் அது குறைந்து தெரிவதால், செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கி வெடிப்பின் சொந்தச் சட்டகத்துக்கு, அதாவது வெடிப்பின் இடத்திலேயே அளந்தால் கிடைக்கும் மதிப்புக்கு, மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றியபோது, உச்ச ஆற்றல் சமதிசை ஆற்றலின் வர்க்க மூலத்தைப் போல வளர்வது தெரிந்தது. தோராயமாக, 10⁵² எர்க் ஆற்றலுள்ள வெடிப்பின் உச்ச ஆற்றல் 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு). 10⁵⁴ எர்க் உள்ளதற்கு 1,000. ஆற்றல் நூறு மடங்கு கூடினால் உச்சம் பத்து மடங்கு உயர்கிறது. பின்னாளில் பல விண்கலங்களின் தரவுகளால் இப்பட்டியல் பல மடங்கு பெருகியபோதும் நீண்ட வெடிப்புகள் இந்தக் கோட்டைச் சுற்றியே விழுந்தன. உறவின் கடைக்கோடியில் நிற்கும் ஜிஆர்பி 221009ஏ கூட, ஏறத்தாழ 3,000 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் உச்சத்தோடு, பெருமளவு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாதவையும் உண்டு, அவைதான் அதிகம் கற்பிக்கின்றன. 1998 ஏப்ரல் 25-இன் வெடிப்பு சுமார் 12 கோடி ஒளியாண்டு தொலைவில், எஸ்என் 1998பிடபிள்யூ என்ற சூப்பர்நோவாவோடு (விண்மீன் வெடித்துச் சிதறும் நிகழ்வு) சேர்ந்து தோன்றியது. அதன் சமதிசை ஆற்றல் ஏறத்தாழ 10⁴⁸ எர்க். அமாத்தியின் உறவு சரியென்றால் அதன் உச்ச ஆற்றல் ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில், எக்ஸ் கதிர்ப் பகுதியில் இருந்திருக்க வேண்டும். உண்மையில் அது பல பத்து மடங்கு மேலே இருந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்து ஈர்ப்பலைகளை எழுப்பிய 1.7 வினாடிக்குப் பிறகு வந்த குறுகிய வெடிப்போ இன்னும் விலகி நிற்கிறது: ஆற்றல் சில 10⁴⁶ எர்க், உச்சம் ஏறத்தாழ 185 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். உறவின்படி அரை கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கூட வந்திருக்கக் கூடாது. அந்தத் தாரை நம்மை நோக்கி நேராக வரவில்லை, பக்கவாட்டிலிருந்தே அதைப் பார்த்தோம் என்பது பின்னர் ரேடியோ அலைகளில் செய்யப்பட்ட அளவீடுகளால் தெளிவாயிற்று. ஆகவே ஒரு வெடிப்பின் ஒளிர்வு என்பது அதன் சொந்த வலிமை மட்டுமல்ல, நாம் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதும்தான்.

குறுகிய வெடிப்புகளைப் பற்றிச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு வினாடிக்கு உட்பட்டவை, மேற்பட்டவை என்ற பிரிவு 1993-இல் பேட்ஸ் தரவுகளிலிருந்து வகுக்கப்பட்டது. குறுகியவை அமாத்தி உறவின் கோட்டில் விழுவதில்லை. அதே ஆற்றலுக்கு அவற்றின் உச்சம் கூடுதலாக, நீண்டவற்றின் கோட்டுக்கு மேலே தனி வரிசையாக அமைகிறது. ஆனால் மொத்த ஆற்றலுக்குப் பதிலாக உச்ச ஒளிர்வை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிடுகிறது. உச்ச ஒளிர்வுக்கும் உச்ச ஆற்றலுக்குமான இந்த உறவை டைசுகே யோனெட்டோகு குழுவினர் 2004-இல் வெளியிட்டார்கள்; ஒளிர்வு, உச்ச ஆற்றலின் வர்க்கத்தைப் போல வளர்கிறது. இதன் பொருள் எளிது. ஒரு கணத்தில் கதிர்வீச்சு எவ்வளவு வலுவாக வெளிப்படுகிறதோ அதற்கேற்ப அதன் நிறம் அமைகிறது. மொத்த ஆற்றல் அதைக் கால அளவால் பெருக்கியது என்பதால், குறைந்த நேரமே நீடிப்பவை மொத்தத்தில் பின்தங்குகின்றன. அடிப்படை உறவு ஒளிர்வோடுதான், மொத்த ஆற்றலோடு அல்ல என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம். கால அளவு தனியே ஒளிர்வைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. மேலும், அது வெடிப்பின் மூலத்தைக்கூடத் திட்டமாகச் சொல்வதில்லை. நீண்டவை பெருவிண்மீன்களின் சாவில், சூப்பர்நோவாவோடு பிறப்பவை, குறுகியவை நியூட்ரான் விண்மீன்கள் இணைவதில் பிறப்பவை என்பது பொதுவான கருத்து; ஆனால் 2006 ஜூன் 14-இன் வெடிப்பு நூறு வினாடிக்கு மேல் நீடித்தும் அதன் பின்னே சூப்பர்நோவா எதுவும் தோன்றவில்லை.

ஒளிர்வோடு உறவுள்ள இன்னொரு பண்பு காலத்தாமதம். பல வெடிப்புகளில் அதிக ஆற்றலுள்ள ஒளித்துகள்கள் முதலிலும் குறைந்த ஆற்றலுள்ளவை சற்றுப் பின்னரும் வந்து சேர்கின்றன. செம்பெயர்ச்சி தெரிந்த ஆறு வெடிப்புகளைக் கொண்டு ஜே நாரிஸ், மரானி, பான்னெல் ஆகியோர் 2000-இல் காட்டியது, தாமதம் குறையக் குறைய ஒளிர்வு கூடுகிறது என்பது. நூறில் ஒரு வினாடித் தாமதம் உள்ளவை 10⁵³ எர்க்/வினாடி அளவில் ஒளிர்ந்தன, தாமதம் பத்து மடங்கு நீண்டால் ஒளிர்வு பத்து மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. அதே காலத்தில், ஒளி வளைகோடு (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் கோடு) எவ்வளவு படபடப்பாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு ஒளிர்வும் கூடுகிறது என்று ஃபெனிமோரும் ராமிரெஸ்-ரூயிஸும் கண்டார்கள். ஆனால் இந்த இரண்டாவது உறவில் சிதறல் மிகுதி; படபடப்பை எப்படி அளப்பது என்பதைப் பொறுத்தே விடை மாறுவதால், அதன் மேல் அதிகம் கட்டியெழுப்ப முடியாது. காலத்தாமத உறவும் நீண்ட வெடிப்புகளுக்கே உரியது. குறுகியவற்றில் தாமதம் ஏறத்தாழ பூச்சியம், ஆனால் அவை அதற்கேற்ற பேரொளியோடு வருவதில்லை.

தாரையின் அகலத்தைக் கணக்கில் எடுத்தால் என்ன ஆகும்? பின்னொளிர்வு மங்கிக்கொண்டு வரும்போது ஒரு கட்டத்தில் எல்லா அலைநீளங்களிலும் ஒரே சமயத்தில் வேகமாகச் சரியத் தொடங்கினால், அந்த முறிவு நேரத்திலிருந்து தாரையின் கோணத்தைக் கணிக்கலாம். 2001-இல் டேல் ஃபிரெய்ல் குழுவினர் இப்படிச் செய்தபோது, சமதிசை ஆற்றலில் பல நூறு மடங்கு விரிந்து கிடந்த வெடிப்புகள், கோணத்தைத் திருத்தியதும் 5 × 10⁵⁰ எர்க்கைச் சுற்றித் திரண்டன. 2004-இல் ஜியான்கார்லோ கிர்லாண்டா குழுவினர் திருத்திய ஆற்றலுக்கும் உச்ச ஆற்றலுக்கும் இடையே அமாத்தியின் உறவைவிட இறுக்கமான உறவைக் கண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்கலம் பின்னொளிர்வுகளை நாள்கணக்கில் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியபோது, எதிர்பார்த்த தெளிவான முறிவு பெரும்பாலானவற்றில் காணப்படவில்லை. உறவு தவறென்று அதனால் நிறுவப்படவில்லை; ஆனால் அதைச் சோதிக்கத் தேவையான கோணமே நம்பகமாகக் கிடைக்காதபோது இறுக்கமான உறவு என்ற மதிப்பும் குறைந்துவிடுகிறது.

அதே ஸ்விஃப்ட் வேறொன்றைக் கொடுத்தது. பல வெடிப்புகளின் எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வு விரைந்து சரிந்தபின், சில நிமிடங்கள் முதல் சில மணிநேரம் வரை ஏறத்தாழ மாறாமல் ஒரு மேடையில் நின்று, பிறகு மீண்டும் சரிகிறது. மேடை முடியும் நேரமும் அப்போதைய எக்ஸ் கதிர் ஒளிர்வும் தலைகீழ் விகிதத்தில் இருப்பதை மரியா டைனோட்டியும் உடனாய்வாளர்களும் 2008-இல் காட்டினார்கள். நீண்ட மேடை மங்கலானது, குறுகிய மேடை பிரகாசமானது என்றால், இரண்டையும் பெருக்கிவரும் ஆற்றல் ஏறத்தாழ ஒரே அளவு என்றாகிறது. வேகமாகச் சுழலும், கடுமையான காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன் ஒன்று தன் சுழற்சி ஆற்றலை இழந்து ஒடுங்குவதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் எனக்கு ஈர்ப்பாகத் தோன்றுகிறது, ஏனெனில் அத்தகைய விண்மீனின் சுழற்சி ஆற்றலுக்கு இயல்பாகவே ஓர் உச்சவரம்பு உண்டு. காமாக் கதிர்களின் உச்ச ஒளிர்வையும் மூன்றாவது அளவாகச் சேர்த்தால் சிதறல் மேலும் குறைகிறது.

இப்போது எல்லா உறவுகளுக்கும் பொதுவான, மிகக் கடினமான ஐயத்துக்கு வரலாம். கருவி பதிவு செய்யும் வாய்ப்புள்ள வெடிப்புகள் மட்டுமே நம் பட்டியலில் இருக்கின்றன. அதிலும் செம்பெயர்ச்சி அளக்கும் அளவுக்குப் பின்னொளிர்வு பிரகாசமாக இருந்தவை மட்டுமே வரைபடத்தில் இடம்பெறுகின்றன. அப்படியென்றால், உறவு என்று நாம் காண்பது வெறும் சல்லடையின் வடிவம்தானா?

உச்ச ஆற்றலை மேல்நோக்கியும் சமதிசை ஆற்றலை வலப்பக்கமாகவும் வைத்து வரைபடம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். மேல் இடப்பக்க மூலையில் விழ வேண்டியவை, மொத்த ஆற்றல் குறைவாகவும் உச்சம் உயரமாகவும் உள்ளவை. ஒவ்வொரு ஒளித்துகளும் அதிக ஆற்றலைச் சுமந்து வருவதால், அதே மொத்தத்துக்குத் துகள்களின் எண்ணிக்கை குறைவு. கருவி எண்ணுவது துகள்களைத்தான் என்பதால் இவை எளிதில் நழுவிவிடும். ஆகவே அந்த மூலை வெறுமையாக இருப்பதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. எஹுத் நக்கார், த்ஸ்வி பிரான் ஆகியோரும், தனியே பேண்ட், பிரீஸ் ஆகியோரும் 2005-இல் எழுப்பிய எதிர்வாதம் இந்த மூலையைப் பற்றியதே. செம்பெயர்ச்சி தெரியாத ஒரு வெடிப்பைப் பல தொலைவுகளில் வைத்துப் பார்த்தால், உறவோடு அது மிக நெருங்கிவரும் நிலை ஒன்று உண்டு; அந்த நிலையிலும் எட்டாமல் நிற்கும் பேட்ஸ் வெடிப்புகள் கணிசமாக இருந்தன. 2007-இல் பட்லர் குழுவினர், ஸ்விஃப்ட் வெடிப்புகளின் கோடு முந்தைய கருவிகளின் கோட்டிலிருந்து நகர்ந்திருப்பதையும், அந்த நகர்வு கருவியின் உணர்திறனோடு ஒத்துப்போவதையும் சுட்டினார்கள். இயற்கையின் விதி கருவிக்குக் கருவி இடம்பெயராது என்பதால் இந்த வாதத்தைப் புறக்கணிக்க எவராலும் இயலாது.

ஆனால் எதிர்மூலையைப் பார்க்க வேண்டும். கீழே வலப்பக்கத்தில் விழ வேண்டியவை, ஆற்றல் மிகுந்தும் உச்சம் தாழ்ந்தும் உள்ளவை. அவை துகள்களை அள்ளி வீசும். எந்தக் கருவியும் அவற்றைத் தவறவிடாது. இருந்தும் அந்த மூலை ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது. சல்லடை மறைக்காத இடத்தில் வெறுமை இருந்தால் அது இயற்கையின் வெறுமை. எனவே குறைந்தபட்சம் ஓர் எல்லை உண்மையானது: பேராற்றலுள்ள வெடிப்பு மென்மையான நிறமாலையோடு பிறப்பதில்லை.

இதைவிட வலுவான சான்று ஒரே வெடிப்புக்குள் கிடைக்கிறது. அமாத்திக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1983-இல், கோலெனெட்ஸ்கியும் சோவியத் சகாக்களும் வெனேரா 13, 14 விண்கலங்களில் இருந்த கோனஸ் கருவிகளின் தரவுகளில், வெடிப்பு பிரகாசமாகும்போது நிறமாலை கடினமாவதையும் மங்கும்போது மென்மையாவதையும் கண்டிருந்தார்கள். ஃபெர்மி விண்கலத்தின் நுண்ணிய கால அளவீடுகள் பல வெடிப்புகளில் இதை உறுதி செய்தன. ஒரே வெடிப்பின் வெவ்வேறு கணங்களுக்கிடையில் காணப்படும் சாய்வு, வெவ்வேறு வெடிப்புகளுக்கிடையில் காணப்படும் சாய்வை ஒத்தே இருந்தது. ஒரே வெடிப்பு என்றால் தொலைவு ஒன்று, செம்பெயர்ச்சி ஒன்று, பட்டியலில் சேரும் தேர்வும் ஒருமுறைதான். அங்கு எழும் உறவைச் சல்லடையின் மேல் சுமத்த முடியாது. இந்தச் சான்றுக்கு உரிய இடம் பொதுவான விளக்கங்களில் பெரும்பாலும் கொடுக்கப்படாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

உறவை உண்டாக்குவது எது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. தாரை ஒளிவேகத்துக்கு மிக நெருங்கி நம்மை நோக்கி வருவதால், அதன் வேகம் கூடும்போது ஒளிர்வும் உச்ச ஆற்றலும் சேர்ந்தே உயர்கின்றன. அச்சிலிருந்து விலகிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே வீழ்கின்றன. ஒரு வாகனத்தின் முகப்பு விளக்கை நேரெதிரே நின்றும் பக்கத்தில் நின்றும் பார்ப்பதைப் போன்றது இது, நிறமும் கூடவே மாறுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று கொண்டால், ஒளிர்வு கூடக் கூடக் காந்தப்புலமும் வலுப்பதால் ஒளிர்வின் வர்க்க மூலத்தைப் போன்ற உறவு இயல்பாகவே வரும். ஆனால் கதிர்வீச்சு தோன்றும் தொலைவும் எலெக்ட்ரான்களின் ஆற்றலும் வெடிப்புக்கு வெடிப்பு அதிகம் மாறக் கூடாது என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. ஏன் மாறவில்லை என்பதற்கு மனநிறைவான விளக்கம் இன்னும் வரவில்லை.

ஒளிர்வோடு உறவில்லாத ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். முன்பு சொன்ன 1998-இன் வெடிப்பும், 2013 ஏப்ரல் 27-இன் ஜிஆர்பி 130427ஏ-வும் சமதிசை ஆற்றலில் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேறுபட்டவை. ஆனால் இரண்டின் பின்னும் தோன்றிய சூப்பர்நோவாக்கள் பிரகாசத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. சூப்பர்நோவாவின் பிரகாசமும் தாரையின் பிரகாசமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, தொலைவை அளக்கும் கேள்வி. ஆசை நியாயமானது: தொலைவை அளக்க வழக்கமாகப் பயன்படும் முதலாம் ‘ஏ’ வகைச் சூப்பர்நோவாக்கள் செம்பெயர்ச்சி இரண்டுக்குச் சற்று மேல் வரைதான் எட்டுகின்றன, காமாக் கதிர் வெடிப்போ 2009 ஏப்ரல் 23 அன்று 8.2 என்ற செம்பெயர்ச்சியில் பதிவானது. 2007-இல் பிராட்லி ஷேஃபர், மேற்கண்ட உறவுகள் பலவற்றைச் சேர்த்து 69 வெடிப்புகளுக்கு ஹபிள் வரைபடம் (தொலைவையும் செம்பெயர்ச்சியையும் ஒப்பிடுவது) வரைந்தார். இடர்ப்பாடு என்னவென்றால், உறவை அளவுதிருத்த அருகில், தொலைவு தனியே தெரிந்த வெடிப்புகள் வேண்டும். அருகிலுள்ளவை மிகச் சில, அவையும் பெரும்பாலும் 1998-இன் வெடிப்பைப் போல உறவை மீறுபவை. தொலைவிலுள்ளவற்றைக் கொண்டு அளவுதிருத்தினால், பேரண்ட மாதிரி ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பிறகு அதே மாதிரியைச் சோதிப்பதாகிவிடும். ஒரே செம்பெயர்ச்சியிலுள்ள சூப்பர்நோவாக்களின் தொலைவை இரவல் வாங்கி இந்தச் சுற்றை உடைக்கலாம். அப்போது வெடிப்புகள் தனிச் சான்றாக இல்லாமல் சூப்பர்நோவாக்களின் நீட்சியாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, அமாத்தி உறவில் ஒரு வெடிப்பின் ஆற்றலை ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு பிழையோடுதான் கணிக்க முடிகிறது; சூப்பர்நோவாக்களின் துல்லியத்துக்கு அருகில் கூட இது வராது.

இந்நிலையை மாற்றத் தேவையானது கூடுதல் வெடிப்புகளைவிடச் சீரான வெடிப்புகள்: ஒரே கருவியில், தெரிந்த தேர்வு விதிகளோடு, உச்ச ஆற்றலும் செம்பெயர்ச்சியும் சேர்ந்து அளக்கப்பட்டவை. ஸ்விஃப்டின் காமாக் கதிர்க் கருவி 15 முதல் 150 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை மட்டுமே பார்ப்பதால் பெரும்பாலானவற்றின் உச்சம் அதன் எல்லைக்கு வெளியே விழுந்தது. ஃபெர்மி உச்சத்தை நன்றாக அளந்தாலும், அது தரும் இருப்பிடம் பெரும்பாலும் தொலைநோக்கிகளைத் திருப்பப் போதுமானதாக இல்லை. 2024 ஜூன் 22 அன்று ஏவப்பட்ட சீன–பிரெஞ்சு விண்கலமான எஸ்விஓஎம், 4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் தொடங்கி 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை இரண்டு கருவிகளால் பார்ப்பதோடு, தன்னிடமுள்ள எக்ஸ் கதிர், ஒளியியல் தொலைநோக்கிகளை வெடிப்பின் பக்கம் தானே திருப்பிக்கொள்கிறது. பெரும்பாலான நேரம் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே அது நோக்குவதால், அது கண்டறியும் வெடிப்புகள் தரையிலுள்ள பெருந்தொலைநோக்கிகளுக்கு இரவு வானில் கிடைக்கின்றன. செம்பெயர்ச்சி அளக்கப்படும் விகிதத்தை உயர்த்துவதற்கென்றே அந்த நோக்குமுறை வகுக்கப்பட்டது. மேல் இடப்பக்க மூலை உண்மையில் வெறுமையா, அல்லது இதுவரை நம் கண்ணுக்குத் தப்பியதா என்பதை அத்தகைய ஒரு தொகுப்பே தீர்க்க முடியும்.